மறதிக்குத் திட்டாதீர்கள்... அது மெத்தனம் அல்ல!

'எம்.எஸ்.' என்றதும் நம்மில் பலருக்கு இசையரசி சுப்புலட்சுமி அம்மாள்தான் நினைவுக்கு வருவார். நரம்பு டாக்டர் அந்த இரண்டெழுத்தைச் சொன்னால் அர்த்தமே வேறு. 'மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்' என்ற நோயின் சுருக்கப் பெயர் அது. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில், அதாவது படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை சூடுபிடிக்கும் நேரத்தில்தான் வந்து நிற்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது.

இந்த நோய் வந்தால் கால் மரத்துப் போகலாம். ஒரு கண் திடீரென்று மங்கலாம். நடை தள்ளாடலாம். சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம். இதெல்லாம் வெளியே தெரிகிற கஷ்டங்கள். தெரிகிறபோது சொந்தக்காரர்கள் 'ஐயோ பாவம்' என்று வந்து பார்க்கிறார்கள். ஆர்லிக்ஸ் பாட்டில் வாங்கி வருகிறார்கள். கைபிடித்து நடத்திப் போகிறார்கள்.

ஆனால் அதே நோய் அதே பெண்ணின் மூளையில் இன்னொரு வேலையும் செய்கிறது. சொன்னது மறந்து போகிறது. பேச்சு நடுவில் வார்த்தை வராமல் நின்று விடுகிறது. பால் கணக்கைக் கூட்ட உட்கார்ந்தால் மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அடுப்பில் குக்கர், வாசலில் தபால்காரர், கையில் போன் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் தலையே சுற்றி விடுகிறது. இதற்கு யாரும் ஆர்லிக்ஸ் வாங்கி வருவதில்லை. "என்னம்மா, இப்பத்தானே சொன்னேன்?" என்று மாமியார் சலித்துக் கொள்கிறார். "ஒரு விஷயத்தை நாலு தடவை சொல்லணுமா உனக்கு?" என்று கணவர் எரிந்து விழுகிறார். "கால்தானே முடியலை, மூளைக்கு என்ன வந்துச்சு?" என்று நாத்தனார் கேட்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. மூளைக்குத்தான் வந்திருக்கிறது! இந்த நோயின் இருப்பிடமே அதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். எம்.எஸ். நோயாளியின் காலைச் சோதிக்கிற அதே அக்கறையோடு அவருடைய நினைவையும் சிந்தனை வேகத்தையும் சோதிக்க வேண்டும். அதைச் சென்னையில் மட்டும் அல்ல, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் செய்ய வேண்டும். டாக்டர் செய்வதற்கு முன்பே வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. திட்டுவதை நிறுத்த வேண்டும்.

வேலியே பயிரை மேய்ந்தால்...

நம் மூளையில் உள்ள நரம்பிழைகளை மின்சார ஒயர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பது போல, நரம்பிழைக்கு மேலே 'மயலின்' என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அந்த உறை இருந்தால்தான் செய்தி மின்னல் வேகத்தில் ஓடும். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புப் படையே எதிரி என்று தப்பாக நினைத்து இந்த உறையைத் தின்ன ஆரம்பித்தால் அதுதான் எம்.எஸ். வேலியே பயிரை மேய்ந்த கதை! உறை கிழிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. செய்தி தட்டுத் தடுமாறிப் போகிறது. நாள்பட்டால் உள்ளே இருக்கும் இழையே அறுந்து போகும்.

இது யார் செய்த பாவமும் அல்ல. செவ்வாய் தோஷமும் அல்ல. 'எப்ஸ்டீன்-பார்' என்று ஒரு வைரஸ் உண்டு. உலகத்தில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் அது எப்போதோ வந்து தங்கியிருக்கிறது. 2022-ல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் விவரங்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், அந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு சுமார் 32 மடங்கு கூடுவது தெரிய வந்தது. ஆனால் வைரஸ் வந்தவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் இந்த நோய் வருகிறது. எம்.எஸ். ஒட்டுவாரொட்டி அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. 'மருமகள் வந்த நேரம்' என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துப் பார்க்கட்டும்.

ஜங்ஷன் சுருங்கினால் என்ன ஆகும்?

விழுப்புரம்காரர்களுக்கு ஜங்ஷன் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கத்துத் தண்டவாளமும் கூடுகிற இடம். அங்கே சிக்னல் கோளாறு என்றால் எங்கோ கும்பகோணத்தில் காத்திருப்பவருக்கும் ரயில் லேட்!

மூளையின் நடுவிலும் இப்படி ஒரு ஜங்ஷன் இருக்கிறது. 'தலாமஸ்' என்று பெயர். கண், காது, தோல் எங்கிருந்து செய்தி வந்தாலும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் மேல் மூளைக்குப் போகும். எம்.எஸ். நோயில் ஆரம்பக் கட்டத்திலேயே சுருங்கத் தொடங்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று. தலாமஸ் எவ்வளவு சுருங்குகிறதோ அந்த அளவுக்குச் சிந்தனை வேகமும் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

மூளை முழுவதுமே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கவும் செய்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கும் வயது ஆக ஆக மூளையின் அளவு வருஷத்துக்கு நூற்றில் 0.1 முதல் 0.3 பங்கு வரை குறைவது வழக்கம்தான். சிகிச்சை எடுக்காத எம்.எஸ். நோயாளிக்கு இது 0.5-லிருந்து 1-க்குச் சற்று மேல் வரை போகலாம். சின்ன எண்ணாகத் தெரியும். பத்து வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், புரியும்.

இன்னொரு வேடிக்கை. சாதாரண எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது மூளையின் உள்பகுதித் தழும்புகள்தான். சிந்தனைக்கு ஆதாரமான மேல்பட்டையில் விழும் தழும்புகளில் பெரும்பாலானவை அதில் தெரிவதே இல்லை. ஆகவே "ஸ்கேன்ல புதுசா ஒண்ணும் இல்லையாம், இவதான் நடிக்கிறா" என்று முடிவு கட்டி விடாதீர்கள்.

அப்படியானால் எல்லோருக்குமே ஆரம்பத்திலேயே மறதி தெரிய வேண்டுமே? ஏன் தெரிவதில்லை? காரணம், மூளை கெட்டிக்காரத்தனமாக மாற்றுப் பாதை தேடிக்கொள்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நேர் சாலை சுமார் 40 கிலோமீட்டர். அது அடைபட்டால் செஞ்சி வழியாகச் சுற்றிப் போகலாம். ஊர் போய்ச் சேர்ந்து விடலாம். ஆனால் தூரம் ஒன்றரை மடங்குக்கும் மேல். நேரமும் டீசலும் கூட. டிரைவருக்கு அலுப்பு. எம்.எஸ். வந்த மூளை தினமும் செஞ்சி வழியாகத்தான் விழுப்புரம் போகிறது! மத்தியானம் இரண்டு மணிக்கே அந்தப் பெண் "முடியலை, படுத்துக்கறேன்" என்றால் அது சோம்பல் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு மடங்கு உழைப்பில் முடிகிற வேலையை அவள் மூளை இரண்டு மடங்கு உழைத்து முடித்திருக்கிறது.

டாக்டர்களே மறந்த மறதி

பாரிஸ் நகரத்தில் சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில் இருந்த ழான் மார்ட்டின் ஷார்க்கோ என்ற மருத்துவ மேதைதான் 1868-ல் இந்த நோயைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். நோயாளிகளின் நினைவாற்றல் மங்குவதையும், எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அவரே தமது சொற்பொழிவுகளில் சொல்லி வைத்தார். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கைகால்களையும் கண்ணையும் மட்டும் பார்த்தார்கள். மறதி எல்லாம் கடைசிக் கட்டத்தில் வருகிற அபூர்வம் என்று நூறு வருஷத்துக்கு மேல் ஓரங்கட்டி விட்டார்கள்.

1991-ல் அமெரிக்காவில் ஸ்டீபன் ராவ் என்ற உளவியல் நிபுணரும் அவரது குழுவினரும் 100 எம்.எஸ். நோயாளிகளையும், அதே வயது, அதே படிப்புள்ள நோயில்லாத 100 பேரையும் உட்கார வைத்துச் சோதித்தார்கள். நோயாளிகளில் நூற்றுக்கு சுமார் 43 பேருக்குச் சிந்தனைத் திறனில் குறைவு இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. உடல் ஊனம் சமமாக இருந்தபோதும், சிந்தனை மங்கியவர்கள்தான் வேலையை அதிகம் இழந்திருந்தார்கள். வீட்டு வேலைகளில் அதிகம் திணறினார்கள். அதாவது வாழ்க்கையைக் கவிழ்ப்பது கால் மட்டுமல்ல. பிறகு வந்த ஆய்வுகள் பலவும் நூற்றுக்கு 40-லிருந்து 65 பேர் வரை என்றே சொல்கின்றன.

உலகத்தில் சுமார் 28 லட்சம் பேருக்கு எம்.எஸ். இருப்பதாக 2020-ல் வெளியான சர்வதேசக் கணக்கு சொன்னது. 'இது வெள்ளைக்காரர்கள் நோய், நமக்கு வராது' என்று ஒரு காலத்தில் இங்கே பேசிக் கொண்டிருந்தோம். எம்.ஆர்.ஐ. மெஷின் ஊருக்கு ஊர் வந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கி விட்டது. இந்திய மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் சங்கம் 1985-லேயே தொடங்கப்பட்டு விட்டது. சென்னையிலும் அதன் கிளை உண்டு.

எது போகும்? எது போகாது?

பயந்து விடாதீர்கள். இது தாத்தா பாட்டிகளுக்கு வரும் ஆல்சைமர் நோய் மாதிரி அல்ல. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத அளவுக்குப் போவது அபூர்வம். முதலில் அடி வாங்குவது வேகம். அதற்கு அடுத்து, புதிதாகக் கேட்டதை மனதில் பதித்துக்கொள்வது. பிறகு, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது, திட்டமிடுவது, சட்டென்று வார்த்தை எடுப்பது. பேசும் மொழி, பழைய நினைவுகள், பொது அறிவு, நல்லது கெட்டது தெரிவது இவையெல்லாம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் 'மூளைக் கோளாறு' என்ற ஒரு சொல் போதும், ஒரு பெண்ணின் வாழ்க்கை சந்திக்கு வந்து விடும். "பொண்ணுக்குப் புத்தி சரியில்லையாம்" என்று பஞ்சாயத்து கூடும். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நகையைப் பீரோவில் வைத்துச் சாவியை மாற்றுவார்கள். மெதுவாக யோசிப்பது வேறு, யோசிக்கவே தெரியாமல் இருப்பது வேறு. மெதுவாக யோசிப்பவருக்கு வேண்டியது கூடுதலாக ஐந்து நிமிஷம். சாவியைப் பிடுங்குவது அல்ல.

"இதையெல்லாம் நோயாளியிடம் சொன்னால் மனசு உடைஞ்சு போயிடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெண்ணே தன்னைச் சோம்பேறி, முட்டாள் என்று நம்பத் தொடங்குகிறாள். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு நோய் வருகிறது. அந்தச் சோர்வு மறதியை இன்னும் கூட்டுகிறது. காரணம் தெரிந்தால் பாதி பாரம் இறங்கி விடும். மறைப்பதுதான் கொடுமை.

ஒன்றரை நிமிஷச் சோதனை

சிந்தனை வேகத்தை அளக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒன்பது சின்னங்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் ஓர் எண். கீழே சின்னங்கள் வரிசையாக இருக்கும். அதற்கான எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 90 விநாடியில் எத்தனை சரி என்பதுதான் கணக்கு. ஒரு காகிதம், ஒரு கடிகாரம், பயிற்சி பெற்ற ஒருவர். அவ்வளவுதான். நோய் தெரிந்தவுடன் ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை இதுபோன்ற சோதனை செய்ய வேண்டும் என்று 2018-ல் அமெரிக்க நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள்.

விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் 2010-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் புதுச்சேரி எல்லையில் கோரிமேட்டில் ஜிப்மர். கோடி ரூபாய் மெஷின் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காகிதமும் கடிகாரமும் கேட்கிறேன். சர்க்கரை நோயாளி வந்தால் பாதத்தைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல எம்.எஸ். நோயாளி வந்தால் இந்த ஒன்றரை நிமிஷத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். 'கால் எப்படி இருக்கு?' என்பதோடு 'கணக்கு வருதா, சொன்னது நிக்குதா?' என்பதையும் பேச வேண்டும்.

மறதி எல்லாமே எம்.எஸ். என்றும் நினைத்து விடக் கூடாது. தைராய்டு குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு இவையும் மறதியைக் கொண்டுவரும். சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் மூளையை மந்தமாக்கும். இவை சரிசெய்யக் கூடியவை. அதனால்தான் சோதனை அவசியம் என்கிறேன். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் கவனம்!

உடம்பு சூடானால் எம்.எஸ். தொந்தரவுகள் கூடும் என்பதை வில்ஹெல்ம் ஊத்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் டாக்டர் 1890-லேயே எழுதினார். வெயில் ஏறிய நாட்களில் சிந்தனைத் திறனும் குறைகிறது என்று பின்னால் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. நம் ஊர் மே மாத வெயிலை நினைத்துப் பாருங்கள்! உச்சி வேளையில் பேங்க் க்யூவில் நின்று சலான் பூர்த்தி செய்யச் சொன்னால் என்ன ஆகும்? இந்த மந்தம் தற்காலிகம்தான். உடம்பு குளிர்ந்தால் சரியாகி விடும். கணக்கு வழக்கு, பேங்க் வேலை, முக்கியமான பேச்சு எல்லாவற்றையும் காலையிலேயே முடித்து விடுங்கள். ஈரத் துண்டு, ஜில்லென்று மோர், மின்விசிறி இவை ஆடம்பரம் அல்ல, வைத்தியம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மாத்திரையையும் ஊசியையும் டாக்டர் சொன்னபடி விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் 1993-லிருந்து ஒவ்வொன்றாக வந்திருக்கின்றன. சீக்கிரம் ஆரம்பித்தால் புதிய தழும்புகளும் குறையும், மூளை சுருங்கும் வேகமும் குறையும். ஆல்சைமர் நோய்க்குத் தரும் டோனெபெசில் மாத்திரை, கிங்கோ இலைச் சாறு இரண்டும் எம்.எஸ். மறதிக்குப் பயன்படவில்லை என்று முறையான ஆய்வுகள் காட்டி விட்டன. 'ஞாபக சக்தி லேகியம்' விளம்பரங்களை நம்பி இருக்கிற மருந்தை நிறுத்தி விடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரு நேரத்தில் ஒருவர் பேச்சு என்று வீட்டில் பழகுங்கள். முக்கியமாக ஏதாவது சொல்லும்போது டி.வி.யை அணையுங்கள். காலண்டரில் எழுதுங்கள். போனில் அலாரம் வையுங்கள். சாவிக்கு ஓர் ஆணி, மாத்திரைக்கு ஒரு டப்பா, என்றைக்கும் அதே இடம். அடுப்பு எரியும்போது வேறு வேலைக்கு அவரைக் கூப்பிடாதீர்கள்.

நடைப்பயிற்சி நல்லது. வீட்டு ஆண்களில் யாராவது சிகரெட் பிடித்தால் வாசலுக்கு அப்பால் போகட்டும். நோயாளியே பிடிப்பவராக இருந்தால் கட்டாயம் விட வேண்டும். புகை இந்த நோயை வேகப்படுத்துகிறது. வாசிப்பு, படிப்பு என்று மூளைக்கு வேலை கொடுத்து வந்தவர்களுக்கு அதே அளவு தழும்பு இருந்தாலும் மறதி குறைவாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. மூளையில் போட்டு வைத்த சேமிப்பு என்று சொல்லலாம். ஆகவே "உனக்கு முடியாது, சும்மா இரு" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். புதுக் கோலம், புதுப் பாட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவது, எதுவானாலும் அவர் செய்யட்டும். நேரம் மட்டும் கொடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பல சலுகைகளுக்கு வழி உண்டு. அரசு வேலையில் இருக்கும்போது இந்த நிலை வந்தால், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் செய்யக் கூடிய வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. ஆகவே ஸ்கூல் டீச்சரோ ஆபீஸ் கிளார்க்கோ, அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்.

சான்றிதழுக்குப் போகும்போது நடையை மட்டும் காட்டி விட்டு வந்து விடாதீர்கள். மறதி, மந்தம், சீக்கிரம் அலுத்துப் போவது எல்லாவற்றையும் டாக்டர் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். 'நன்றாகத்தானே பேசுகிறார்' என்று பார்வையாலேயே மார்க் போடும் வழக்கம் மாற வேண்டும். பத்து நிமிஷம் நன்றாகப் பேச முடிகிறவர் எட்டு மணி நேரம் வேலை பார்க்க முடியும் என்று அர்த்தமில்லை.

சட்டமும் சோதனையும் வர வேண்டிய வேகத்தில் வரட்டும். அதற்கெல்லாம் காத்திருக்காமல், பைசா செலவில்லாமல், இன்றைக்கு ராத்திரியே உங்கள் வீட்டில் ஆரம்பிக்கக் கூடிய வைத்தியம் ஒன்று இருக்கிறது. அவர் வார்த்தையைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காமல், கடிகாரத்தைப் பார்க்காமல், பொறுமையாகக் காத்திருங்கள். வார்த்தை வரும். கொஞ்சம் லேட்டாக வரும், அவ்வளவுதான்.